மட்டி வேறு, மீன் வேறு

பாளையங்கோட்டை டாக்டர் மகேஸ்வரன் நல்லெண்ணெயைக் குறை சொன்னதும் காந்திமதிநாதனுக்குச் சுருக்கென்றது. நெய்யைச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். தெருமுனைப் பரோட்டாவைச் சொல்லியிருந்தால் அவரும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை ஏசியிருப்பார். நல்லெண்ணெய்க்குப் பேரிலேயே நல்லது இருக்கிறது. அதைப் போய்க் குறை சொன்னால் எந்த மனிதருக்குத்தான் கோபம் வராது?

"சார், நாங்க சைவம்," என்றார்.

திருநெல்வேலி டவுனில் இந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ரத வீதியில் வாடகைக்கு வீடு கிடைக்கும், பெண் பார்க்கப் போன இடத்தில் பாதி விசாரணை குறையும். டாக்டர் அதற்கெல்லாம் மசியவில்லை.

"அதனாலதான் சார் சொல்லுதேன்," என்றார்.

எதிரே மகன் சுந்தர் சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. இரண்டு முழங்கையிலும் புளியங்கொட்டை அளவில் மஞ்சள் மஞ்சளாய்க் கட்டிகள். முதலில் பார்த்த டாக்டர்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்று சொல்லி நெய்யையும் பாலையும் நிறுத்தச் சொன்னார்கள். அம்மா உலகம்மாள் அன்றைக்கே நிறுத்தினாள். பிள்ளை இளைத்துவிடக் கூடாதே என்று அந்தக் குறையைச் செக்கு நல்லெண்ணெயிலும் எள்ளுப் பொடியிலும் ஊறவைத்த பாதாமிலும் ஈடு கட்டினாள். கட்டி மேலும் வளர்ந்தது. எண்ணெய் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள்.

"செடி கொடி வெத எல்லாத்துலயும் கொழுப்பு மாதிரி ஒரு சத்து இருக்கு. ஸ்டெரால்னு பேரு," என்று டாக்டர் பைய விளக்கினார். "நாம எல்லாரும் தெனமும் திங்கத்தான் செய்யுதோம். கொடலு அத உள்ள விடாம வெளிய தள்ளிரும். உங்க பையனுக்கு அந்தக் கதவு பொறப்புலயே சரியா சாத்தல. நீங்க பாத்துப் பாத்துக் குடுத்த எண்ணெய், எள்ளு, கடலை எல்லாம் ரத்தத்துல தங்கிட்டு. சாதாரண டெஸ்ட்டுல அதுவும் கொலஸ்ட்ரால்னுதான் காட்டும். அதான் வெளியூருக்கு அனுப்பிப் பாத்தேன். கண்டுக்கிடாம விட்டா இருதயக் கொழாய அடைக்கும், ரத்தத்தையும் குறைக்கும். பயப்படாதீங்க, மாத்திர இருக்கு. பத்தியம் முக்கியம்."

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் கையாலயே ஊத்துனேனே," என்றாள்.

"சொந்தத்துல கட்டினீங்களா?"

"மாமா மவதான்," என்றார் காந்திமதிநாதன்.

"ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருந்திருக்கு. வேற பிள்ளைங்க உண்டா?"

சுந்தர் மின்விசிறியைப் பார்த்தான். உலகம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் காந்திமதிநாதன் பந்தி எப்போது என்று கேட்டு நழுவிவிடுவார். இங்கே நழுவ வழியில்லை.

"ஒரு பொண்ணு இருக்கா. புன்னக்காயல்ல," என்றார்.

"உடனே கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கடக்கரையா? அப்ப இதையும் எழுதிக்கிடுங்க. மட்டி, சிப்பி, சங்குன்னு ஓட்டுக்குள்ள இருக்க சதை ஆகாது. அதுங்க கடல்ல பாசிய வடிகட்டித் தின்னுதான் வளருது. அந்தப் பாசியோட ஸ்டெரால் அப்படியே அதுங்க ஒடம்புல ஏறி நிக்கும். பாக்கத்தான் அசைவம்."

இதற்கு அடுத்து டாக்டர் மீனைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அது காந்திமதிநாதன் காதில் விழவில்லை. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவர், முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் மனுவில் கால்புள்ளி வரை பிழை பிடித்தவர், அன்றைக்குத் தன் கையால் எழுதிய வரி இதுதான்: 'கவுச்சி வகை, கூடாது.'

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தண்ணீருக்குள் உயிரோடு இருந்து அடுப்புக்கு வந்தது எதுவானாலும் அவர் வீட்டில் அதற்கு ஒரே சொல்தான். ஓடு இருந்தாலும் செதில் இருந்தாலும் கவுச்சி கவுச்சிதான். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகும். புன்னக்காயல் சாப்பாடு மகளுக்கு ஆகாது என்று கேட்டதும் அவர் மனசு துள்ளியது. இனி அவளைக் கூட்டி வரலாம், டாக்டரே சொல்லிவிட்டார், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மகன் கட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் இப்படிச் சந்தோஷம் வந்ததற்கு அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

பிருந்தா பாளையங்கோட்டையில் படிக்கும்போது பழகியவன் அன்டன் மச்சாது. புன்னக்காயல்காரன், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். பதிவுக் கல்யாணம் முடித்துக்கொள்ளப் போகிறேன் என்று அவள் வந்து சொன்ன நாளில் காந்திமதிநாதன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாலு பேருக்குக் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீன் திங்கப் போறவளுக்கு இந்த வீட்டு அடுப்படியில என்ன சோலி?"

அவள் கையில் தோசைத் திருப்பி இருந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனவள்தான். அப்பன் பிடிவாதம் மகளுக்கும் கொஞ்சம் இருக்கும் அல்லவா? அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உலகம்மாள் செவ்வாயும் வெள்ளியும் மகளோடு போனில் பேசுவாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் வேலை வந்துவிடும். அங்கே இருப்பது இரண்டே செடி. அரைமணி நேரம் விடுவார்.

பேச்சு இல்லையே தவிர எண்ணெய் போனது. மாசம் பிறந்தால் செக்கடிக்குப் போய், எள் ஆட்டுகிறவன் பக்கத்திலேயே நின்று, எள்ளோடு கருப்பட்டி சரியாகப் போட்டானா என்று பார்த்து, ஒரு டின் கூடுதலாக வாங்கி வருவார். "கூட ஒண்ணு வந்துட்டு. யாருக்கு வேணுமோ குடு," என்று உலகம்மாளிடம் சொல்வார். காய்கறி வேனில் ஆத்தூர்ப் பக்கம் போய் வெற்றிலை ஏற்றி வரும் கொம்பையா அதைப் புன்னக்காயலில் சேர்ப்பான். அடுத்த மாசம் காலி டின் கழுவிக் காயவைத்துத் திரும்பி வரும். காந்திமதிநாதன் அதை வாங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே பார்ப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மாசா மாசம் பார்ப்பார்.

அவள் மீன் தின்னப் பழகியிருப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உலகம்மாள் ஒருதரம் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்கன பழகிட்டும்மா," என்று அவளே சொன்னாள். அந்தப் பதிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி அவரும் கேட்டார். அன்றைக்கு இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டார். எப்போதாவது தாளிக்கவாவது நம் எண்ணெயை ஊற்றுவாளாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த மாசத்து டின் மச்சு அறையில் அப்படியே நின்றது.

"நான் போன்ல சொல்லிரட்டா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"வேண்டாம். நானே போறேன்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "கூப்பிட்டா வந்துருவாளா?"

"வராம? டாக்டர்லா சொல்லுதாரு."

"டாக்டர் சொல்லுதாரா, நீங்க சொல்லுதியளா?"

அவர் சட்டைக்கு இஸ்திரி போடும் மும்முரத்தில் இறங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஆறுமுகநேரியில் இறங்கினார். அங்கிருந்து ஆட்டோ. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி, உப்பளங்கள் தாண்டிப் போகும் வரை அவர் மனசுக்குள் பேசிப் பார்த்தபடியே வந்தார். 'நடந்தது நடந்துட்டு' என்று தொடங்கலாமா, 'உன் தம்பிக்கு உடம்புக்கு முடியல' என்று தொடங்கலாமா? எதில் தொடங்கினாலும் 'வீட்டுக்கு வாட்டி' என்பதில்தான் வந்து முடிந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் செருமிக்கொண்டார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடக்காத்து சேரலியோ?" என்று கேட்டார்.

மச்சாது வீட்டு வாசலில் ஒரு அம்மாள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அன்டனின் அம்மா பிரகாசி. அவள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் முகத்தை உற்றுப் பார்த்து, மருமகளின் சாயலைக் கண்டுகொண்டு, மீன் சட்டியைச் சடாரென்று முந்தானையால் மூடினாள்.

"அண்ணாச்சி! வாங்க, வாங்க. ஏட்டி பிருந்தா, யாரு வந்திருக்காவன்னு பாரு!"

பிருந்தா உள்ளேயிருந்து வந்தாள். ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை லீவு. கையில் சிவப்புப் பேனாவும் ஒரு விடைத்தாளும் இருந்தன. மெலிந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. அந்த வெயிலிலும் முழுக்கை போட்ட சட்டை.

"வாங்கப்பா," என்றாள்.

காந்திமதிநாதன் ரயிலிலிருந்து தயார் செய்து வந்த வாக்கியங்களில் ஒன்று கூட வாயில் வரவில்லை. "நல்லா இருக்கியாட்டி?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள், அழுதாள். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் எட்டியே நின்று அழுதார்கள்.

பிரகாசி நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் செம்பைப் பார்த்தார்.

"ரயில்லயே குடிச்சிட்டேன். இப்ப தாகமில்ல."

பிரகாசி முகம் மாறாமல் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிருந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அன்டன் கரையிலிருந்து வந்தான். "வாங்க மாமா," என்று சொல்லி, ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றான். எல்லாரும் வந்தாயிற்று என்றதும் காந்திமதிநாதன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். காகிதம் கைக்கு வந்ததும் பழைய உத்தியோகக் குரலும் வந்தது. சுந்தருக்கு வந்தது என்ன, எண்ணெயும் எள்ளும் ஏன் கூடாது, பிருந்தா ஏன் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசி வரிக்கு வந்தார்.

"கவுச்சி வகையும் கூடாதாம். இந்த வீட்டுல நீ திங்கது எதுவும் உனக்கு ஆகாதுட்டி. அதான் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன். கெளம்பு."

பிரகாசிதான் முதலில் வாய் திறந்தாள். "கவுச்சின்னா எது அண்ணாச்சி? மீனா, மட்டியா, நண்டா, கணவாயா? ஒண்ணொண்ணும் ஒவ்வொண்ணுல்லா?"

"எல்லாந்தான்."

"அப்ப இவளுக்கு ஒண்ணுமே வந்திருக்கக் கூடாதே. இவதான் எதையும் வாயில வைக்க மாட்டாளே!"

காந்திமதிநாதனுக்குப் புரியவில்லை. "எத வைக்க மாட்டா?"

"மீனத்தான். நாலு வருசமாச்சு, ஒரு நெத்திலித் துண்டு தின்னதில்ல. வந்து பாருங்க," என்று பிரகாசி அவரைக் குசினிக்கே கூட்டிப் போனாள். அவரும் மறந்துபோய் உள்ளே நுழைந்துவிட்டார். கிழக்குச் சுவரோரம் தனியாக ஒரு அடுப்பு, ஒரு பானை, ஒரு தட்டு. மேலே பலகையில் போன மாசத்து எண்ணெய் டின், பாதி இருந்தது. பக்கத்தில் எள்ளுப் பொடி ஜாடி.

"வீடு மணக்க மீன் கொழம்பு கொதிக்கும். இவ சோத்துல பொடியப் போட்டு, எண்ணெய ஊத்திப் பெசஞ்சு தின்னுட்டுப் போயிருவா. மூணு வேளையும் அதேதான். ஒரு தோசைக்கு அந்த எண்ணெயக் குடுன்னு இவன் கேட்டா குடுக்க மாட்டா. எங்க ஊரு எண்ணெய், தீந்துரும்னு சொல்லுவா. நான் எத்தன நாளு ஏசியிருக்கேன் தெரியுமா?"

காந்திமதிநாதன் திரும்பி மகளைப் பார்த்தார். "ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க கேக்கலியேப்பா."

"அம்மாகிட்ட பழகிட்டுன்னு சொன்னியே."

"பின்ன என்ன சொல்லச் சொல்லுதிய? மீன் திங்கப் போறவன்னு சொல்லி அனுப்புனிய. நான் திங்கலப்பா, என்னய வீட்டுக்குள்ள விடுங்கன்னு கெஞ்சவா?"

அவர் அவள் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கையில் மஞ்சள் கட்டிகள். சுந்தருக்கு இருப்பதைவிடப் பெரியவை. குனிந்து பார்த்தார். குதிகால் நரம்பிலும் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. எள் ஆட்டுகிறவன் பக்கத்தில் நின்று, கருப்பட்டி சரிபார்த்து, மாசம் தவறாமல் டின் டின்னாக வாங்கி அனுப்பியவர் அவர். அவள் ஒரு சொட்டு வீணாக்காமல் தின்றிருக்கிறாள். அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வாரேன்பா," என்றாள் பிருந்தா.

"என்னது?"

"வீட்டுக்கு வாரேன்னு சொன்னேன். கெளம்புனு சொன்னியல்லா." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

நாலு வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. அன்டன் கதவோரத்திலிருந்து அசையாமல், "கூட்டிட்டுப் போங்க மாமா. கொணமானாப் போதும்," என்றான். தோளில் கிடந்த லேஞ்சித் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தவன் அதைக் கீழே இறக்க ரொம்ப நேரம் ஆனது. பிரகாசி மட்டும் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"இந்த வீட்டுச் சாப்பாடே ஆகாதுன்னா, அப்புறம் எப்படி அண்ணாச்சி திரும்ப வருவா?"

காந்திமதிநாதனிடம் அதற்குப் பதில் இருந்தது. வர மாட்டாள். அதைச் சொல்லாமல், உலகம்மாளுக்குப் போன் போட வேண்டும் என்று எழுந்து வெளியே வந்தார்.

ஆற்றுமுகத்துப் பக்கம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்று யாரோ காட்டினார்கள். போனைச் சுந்தர் எடுத்தான்.

"ஏலே, அக்கா வாராடே. அம்மாகிட்ட சொல்லு. மேல் அறையத் தூத்து வைக்கச் சொல்லு. இங்க கவுச்சி ஆகாதுன்னு சொன்னதும் உடனே கெளம்பிட்டா."

"கவுச்சி ஆகாதுன்னா? மட்டி, சிப்பிதானப்பா ஆகாது."

"எல்லாம் ஒண்ணுதானல?"

"ஒண்ணு எப்படிப்பா? அதையும் டாக்டர் சொன்னாரே, நீங்க எழுதிட்டு இருந்திய. மட்டி பாசியத் திங்கும், அதனால ஆகாது. மீனுல அது ரொம்பக் கம்மி, தாராளமாத் திங்கலாம், கடல் மீனா இருந்தா ரொம்ப நல்லதுன்னாரு. வளப்பு மீனுக்குத்தான் சோயா, புண்ணாக்கெல்லாம் போடுவாங்களாம், அதுல கொஞ்சம் ஏறியிருக்குமாம்." சுந்தர் சிரித்தான். "நம்ம குறுக்குத்துறைக் கோயில் படித்துறை மீனு பொரியும் கடலையும் தின்னு வளருதுல்லா, அது நம்மள மாதிரி சைவ மீனுப்பா. அத வேணா திங்கக் கூடாது."

காந்திமதிநாதன் சிரிக்கவில்லை. "வச்சிருதேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அங்கேயே நின்றார். சொல்லாமல் இருந்துவிடலாம். சுந்தரிடம் வாயை மூடு என்று சொன்னால் மூடுவான். அவள் பையில் துணி வைத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் அவளோடு ரயிலில் உட்கார்ந்து போகலாம். ராத்திரி அடுப்படியில் அவள் குரல் கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் செடிக்குத் தண்ணீர் விட வேண்டாம். ஒரு வாரம் ஒரு மாசமாகும், மாசம் வருஷமாகும். அந்தக் குடும்பம் தானாகப் பிரிந்துபோகும். இதையெல்லாம் அவர் நினைக்கத்தான் செய்தார், நன்றாக நினைத்தார். நினைக்க நினைக்க அவருக்கு ஆசையாக இருந்தது.

சேவையில் ஒரு பொய்ச் சான்றிதழில் கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. எவ்வளவோ பேர் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இப்போது சட்டைப் பையில் இருந்தது அவர் கையெழுத்தில் அவரே எழுதிய பொய். பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பிருந்தா தலை சீவிப் பொட்டு வைத்து, பையோடு முன்னறையில் நின்றாள். முகத்தில் வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்கு மறுபடியும் ஆசை வந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியளா?"

"ஒக்காரு பிருந்தா." நின்றுகொண்டே சொன்னார். "நான் தப்பா எழுதிட்டேன். மட்டி வேற, மீன் வேறயாம். மட்டி, சிப்பி, சங்குதான் உனக்கு ஆகாது. மீன் திங்கலாம். கடல் மீனு நல்லதுன்னே சொல்லியிருக்காரு. எனக்குக் காதுல விழல. விழ வேண்டாம்னு இருந்துட்டேன் போல."

"அதத்தான அண்ணாச்சி நான் அப்பமே கேட்டேன்," என்று பிரகாசி சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பிருந்தா பையைக் கீழே வைக்கவில்லை. "அப்ப நான் வர வேண்டாமா?"

"ரத்தம் குடுக்க வா. மாப்பிள்ளையும் வரட்டும். டாக்டர் மாத்திர குடுப்பாரு. ரெண்டு நாளு அம்மாகூட இரு. அப்புறம் இங்க வந்துரணும். உன் வீடு இதுதான?"

"எண்ணெய்?"

"இனி அனுப்ப மாட்டேன்."

"அது ஒண்ணுதானப்பா வந்துச்சு. டின்னத் தொறந்ததும் நம்ம அடுப்படி மணக்கும். அதையும் நிறுத்திட்டா, அந்த வீட்டுலேருந்து எனக்கு என்ன வரும்?"

"நான் வாரேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எண்ணெயத்தான அனுப்புனேன். நான் வரல. கொம்பையா வண்டி எத்தன தரம் வந்திருக்கும், அதுல நான் ஒரு தரம் ஏறி வந்திருக்கலாம். இனிமே மாசம் பொறந்தா நான் வாரேன்." பிறகு பிரகாசியைப் பார்த்து, "அந்தத் தண்ணியக் கொண்டாங்கம்மா," என்றார்.

மத்தியானம் பிரகாசி விளமீனைப் புளியும் மிளகும் மட்டும் போட்டு, எண்ணெய் இல்லாமல் கொதிக்கவைத்தாள். காந்திமதிநாதனுக்குச் சோறும் மோரும். பிருந்தாவின் தனித் தட்டில் சோறும் ஒரு துண்டு மீனும். அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். கையைக் கொண்டுபோனாள், இழுத்துக்கொண்டாள்.

"முடியலப்பா. நானும் மோர் ஊத்தித் தின்னுக்கிடுதேன்."

"ரத்தமே இல்லாம வெளுத்துப் போயிருக்க. மோரத் தின்னு எத்தன நாளு ஓட்டுவ?"

"நீங்க சொன்னது காதுலயே இருக்கு. வாயில வைக்கப் போனா அதான் கேக்குது. நாலு வருசமா அதான் கேக்குது."

காந்திமதிநாதன் தன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். வந்து மகளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"முள்ளு எந்தப் பக்கம்மா இருக்கும்?"

பிரகாசி விரலால் காட்டினாள். "நடுவுல பெரிய முள்ளு, அத அப்படியே தூக்கிருங்க. ஓரத்துல பொடி முள்ளு இருக்கும், தடவிப் பாத்து எடுக்கணும்."

முதல்தரம் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். நடுமுள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஓரத்துப் பொடிமுள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தார். எடுத்த இடத்தையே மறுபடி தடவிப் பார்த்தார். அன்டன் உதவ வந்தான், பிரகாசி அவனைக் கண்ணால் தடுத்தாள். சதையைச் சோற்றோடு பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டினார்.

"அன்னைக்குச் சொன்னது நான்தான. இன்னைக்கும் நான்தான் சொல்லுதேன். தின்னு."

பிருந்தா அவர் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"முள்ளு இருக்காப்பா?"

"நல்லாப் பாத்துட்டேன் தாயி. வாயத் தொற."